பாதையை மூடப் போகிறார்களா? மலையகக் குடியிருப்பாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலையகத்தில் பாதை மூடுவதற்கு யாரும் முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டுவதில்லை. முதலில் இரண்டு இரும்புத் தூண் நடுவார்கள், கேட்டால் கொழுந்துத் திருட்டைத் தடுக்க என்பார்கள். கொஞ்ச நாளில் தூணுக்கு நடுவே செயின் வரும், செயினுக்கு ஒரு வாச்சர் வருவார், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆட்டோ உள்ளே வரக்கூடாது என்று சட்டம் வரும், கடைசியில் ஒரு நாள் காலையில் பூட்டுத் தொங்கும். தோட்டத்து பங்களா ஹோட்டலாகும்போதும், பக்கத்துக் காணியை வெளியூர்க்காரர் வாங்கும்போதும், புகையிரதத் திணைக்களம் கடவையை மூட நினைக்கும்போதும் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

இதைக் கேள்விப்பட்டதும் நம்மாட்கள் ஒன்று யூனியன் தலைவருக்குப் போன் போடுவார்கள், இல்லையென்றால் பிரதான வீதிக்கு இறங்கி டயர் கொளுத்துவார்கள். இரண்டையும் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதை யாருடையது, மூடச் சொன்னது யார், எந்தக் கடதாசியை வைத்துச் சொன்னார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் இறங்கினால், யாராவது பெரிய ஆள் வந்து "பேசிக்கொள்ளலாம்" என்று சொன்ன உடனே கூட்டம் கலைந்துவிடும், பூட்டு அப்படியே இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கடதாசி வேலைதான் அதிகம்.

முதல் வேலை: பாதை யாருடையது?

இலங்கையில் ஏ, பி தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அவிசாவளையில் இருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7, பேராதனையில் இருந்து பதுளைப் பக்கம் போகும் ஏ5 எல்லாம் இந்த ரகம். சி, டி தரம் மாகாண சபையின் கீழ் வரும். அதற்குக் கீழே உள்ளவை பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைப் பாதைகள். இந்த எதிலும் சேராமல் கிடப்பதுதான் தோட்டப் பாதை, நம்முடைய சண்டைகளில் பெரும்பாலானவை அதில்தான் வரும்.

தோட்டப் பாதை என்றால் "கம்பனிக்குச் சொந்தம், துரை (தோட்ட முகாமையாளர்) நினைத்தால் மூடலாம்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது அவ்வளவு சரியில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசின் கைக்குப் போனது. 1992ல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது குத்தகைதான். கம்பனி குத்தகைக்காரர், காணி அரசினுடையது. எனவே குத்தகை ஒப்பந்தத்தில் பாதைகளைப் பற்றியும் குடியிருப்பாளர்களின் போக்குவரத்தைப் பற்றியும் என்ன இருக்கிறது, ஹோட்டலுக்கோ வேறு ஆளுக்கோ துணைக் குத்தகை கொடுத்திருந்தால் அதற்கு அனுமதி வாங்கினார்களா என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. சில தோட்டங்கள் ஜனவசம என்ற அரச தோட்டச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கீழ் நேரடியாக இருக்கின்றன, அங்கே கேள்வி இன்னும் சுலபம். சின்னத் தோட்டங்கள் முழுத் தனியார் காணியாகவும் இருக்கலாம், அதற்கு வேறு வழி, பிறகு சொல்கிறேன்.

இதை எங்கே விசாரிப்பது? முதலில் கிராம சேவகர். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் பிரிவின் வரைபடம் அவரிடம் இருக்கும். அப்புறம் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். சபையிடம் பாதைகளின் பதிவேடு ஒன்று இருக்கும், அதில் உங்கள் பாதையின் பெயர், நீளம், அகலம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சபை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பு அம்பகமுவ, நுவரெலியா என்று பெரிய சபைகளாக இருந்தவை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று தனிச் சபைகளாகிவிட்டன. பழைய கடிதங்கள் பழைய சபையின் பைலில் தூங்கிக்கொண்டிருக்கும், புதிய சபையில் கேட்டால் "எங்களிடம் ஒன்றும் இல்லை" என்பார்கள். இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

"தோட்டத்துக்குள் சபை கை வைக்க முடியாது" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் தடையாக இருந்தது. 2018ல் அது திருத்தப்பட்டுவிட்டது. சபை விரும்பினால் தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம். விரும்ப வைப்பதுதான் உங்கள் வேலை.

மூடுவதற்குச் சொல்லும் காரணத்தை ஒரு தடவை நேர்மையாகப் பாருங்கள்

இது பலருக்குப் பிடிக்காத பகுதி. மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை கொடுத்து மூடினால், திறக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் நடந்ததை யாரும் மறக்கவில்லை, 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்துப் பாதைகளை என்ன செய்தது என்று நாம் கண்ணால் பார்த்தோம். அப்படியான இடத்தில் கோரிக்கையை மாற்ற வேண்டும்: அறிக்கையின் பிரதி கொடுங்கள், எவ்வளவு காலத்துக்கு மூடுகிறீர்கள், மாற்றுப் பாதை எது, அதற்கு யார் காசு போடுவது, அதுவரை நோயாளியை எந்த வழியாகக் கொண்டு போவது. இதைக் கேட்பதும் எதிர்ப்புதான்.

ஆனால் "பாதுகாப்பு" என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போர்த்தி விடுவார்கள். சரிவு என்று சொல்லி மக்களுக்கு மூடிய பாதையில் கொழுந்து லொறியும் ஹோட்டல் வேனும் தாராளமாகப் போய்வந்தால், அது சரிவு இல்லை. திகதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

ஆதாரம்: இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

பாதை தொடங்கும் இடத்தில் போய் நில்லுங்கள். பல இடங்களில் ஒரு சின்னக் கல் பலகை இருக்கும், பாசி பிடித்து, பாதி எழுத்து அழிந்து: இன்னாருடைய பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் இருந்து இத்தனை ரூபாய் செலவில் கொங்ரீட் இடப்பட்டது, திறந்து வைத்தவர் இன்னார், திகதி. அந்தப் பலகையைத் துடைத்து, எழுத்துத் தெரியும்படி போட்டோ எடுங்கள். அரச காசில் போட்ட பாதை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை, பெயர் போட ஆசைப்பட்ட அரசியல்வாதிக்கு இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்லலாம். பலகை இருந்தால் பிரதேச செயலகத்தில் அதற்கு ஒரு பைல் இருக்க வேண்டும்: மதிப்பீடு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, கொந்தராத்துக்காரருக்குப் பணம் கொடுத்த பற்றுச்சீட்டு. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் போட்ட பாதையாக இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம். அந்தப் பலகையை யாராவது இரவோடு இரவாகப் பெயர்த்து எடுத்துவிடுவதும் நடக்கும், அதனால் முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பழைய வரைபடங்கள். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களில் தோட்டப் பாதைகள் பலதும் கோடாகக் காட்டப்பட்டிருக்கும். கூகுள் ஏர்த்தில் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களுக்குப் பின்னோக்கிப் போகலாம், மேகம் இல்லாத ஒரு படம் கிடைத்தால் போதும், பாதை அப்போதே இருந்தது என்று காட்டிவிடலாம்.

ஆட்களின் வாக்குமூலமும் வேண்டும். பென்ஷன் போன பெரியவர்கள், பழைய கணக்கப்பிள்ளை, டிஸ்பென்சரியில் வேலை செய்தவர், தபால்காரர், ஸ்கூல் வேன் ஓட்டுபவர். ஒவ்வொருவரிடமும் எந்த வருடத்தில் இருந்து, எதற்காக, எந்த வாகனத்தில் இந்தப் பாதையைப் பாவித்தார் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வாங்கி, கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் போட்டு வையுங்கள். "காலங்காலமாகப் போகிறோம்" என்பது வாக்குமூலம் ஆகாது. "என் மூத்த மகளைப் பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இந்தப் பாதையால்தான் தோட்டத்து லொறியில் கொண்டு போனோம், அவளுக்கு இப்போது முப்பது வயது" என்பது வாக்குமூலம்.

இன்னொரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்து போன திகதிகள். வீட்டு வாசல் வரை வந்ததா, கேட்டில் நின்றதா, நோயாளியை எவ்வளவு தூரம் தூக்கிப் போனீர்கள் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் குறித்து வையுங்கள். மூடிய பிறகு நடந்த சம்பவம் என்றால் இன்னும் முக்கியம். மாற்றுப் பாதை இருக்கிறது என்று எதிர்த் தரப்பு சொல்லும்போது, அந்த மாற்றுப் பாதையில் ஒரு ஆட்டோவை ஓட்டிப் பார்த்து மீட்டரில் தூரத்தையும் நேரத்தையும் வீடியோ எடுங்கள், மழை நாளிலும் ஒரு தடவை எடுங்கள். அதிகாரி கொழும்பிலோ கண்டியிலோ உட்கார்ந்து வரைபடத்தில் பார்த்தால் இரண்டு இடமும் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும்.

ஊரை ஒரே பக்கம் நிறுத்துவது

சொல்வது சுலபம். ஒரு தோட்டத்தில் மூன்று யூனியன் இருக்கும், மூன்று தலைவரும் ஒரே மேடையில் ஏற மாட்டார்கள். மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் திருவிழாவில் வந்த மனஸ்தாபம் இன்னும் ஆறியிருக்காது. அதனால் யூனியனின் பெயரில் தொடங்காதீர்கள், "பாதைப் பாதுகாப்புக் குழு" என்று தனியாக ஒன்று வையுங்கள். மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி, மாதர் சங்கம், ஸ்கூல் பெற்றோர் ஆகிய இடங்களில் இருந்து ஆள் எடுத்தால் எந்தக் கட்சி முத்திரையும் விழாது. பாதையைப் பாவிக்கும் சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் பக்கத்துக் கிராமத்தில் இருந்தால் அவர்களையும் குழுவில் சேர்த்தே ஆக வேண்டும். இது தோட்டத்து ஆட்களின் பிரச்சினை மட்டும் என்று யாரும் ஒதுக்க முடியாது, சிங்களத்தில் கடிதம் எழுதவும் ஆள் கிடைக்கும்.

தோட்டத்தின் வேலைப் பதிவில் பெயர் இருக்கும் தொழிலாளியை முன்னால் நிறுத்துவதா என்று யோசித்துச் செய்யுங்கள். வேலைக்குப் போனால் அவருக்கு வேறு தொல்லை கொடுக்கலாம். தலைவராக ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியரோ டவுனில் கடை வைத்திருப்பவரோ இருந்தால் நல்லது.

கையெழுத்து வேட்டையில் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஒரே பேனாவில் ஒரே ஆள் பத்துப் பெயர் போடும் வேலை வேண்டாம். அதை ஒருவர் கண்டுபிடித்தால் மற்ற உண்மையான கையெழுத்துகளும் குப்பைக்குப் போகும். ஒவ்வொரு தாளின் மேலும் கோரிக்கை முழுதாக அச்சிட்டிருக்க வேண்டும், வெறும் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள்.

முதல் கடிதம்

நீளமாக எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும். கதை சொல்வதைவிடக் கேள்வி கேட்பது நல்லது, ஏனென்றால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டது பின்னால் உங்களுக்கு ஆதாரமாகும். இப்படி எழுதலாம்:

"எமது டிவிசன் மக்கள் பிரதான வீதிக்குச் செல்லப் பாவிக்கும், கோயில் சந்தியில் இருந்து பாலம் வரையான பாதை அடுத்த மாதம் முதல் மூடப்படும் என வாய்மொழியாக அறிவிக்கப்பட்டுள்ளது. இந்தத் தீர்மானத்தை எடுத்தவர் யார், எந்தத் திகதியில், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்? பாதிக்கப்படும் குடும்பங்களின் கருத்துக் கேட்கப்பட்டதா? மாற்றுப் பாதை எது, அதில் வாகனம் செல்லுமா? எழுத்து மூலம் பதில் தரும் வரை மூடும் வேலைகளை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

தோட்ட முகாமையாளர், கம்பனியின் தலைமை அலுவலகம், பிரதேச சபைத் தவிசாளர், பிரதேச செயலாளர் ஆகியோருக்குத் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியில் ஒட்டி வையுங்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். தமிழில் எழுத வெட்கப்படவும் பயப்படவும் தேவையில்லை. நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தில் பல பிரிவுகளும் இருமொழி நிர்வாகப் பிரிவுகள், தமிழில் எழுதினால் தமிழில் பதில் வாங்குவது உரிமை. ஆனால் அவசரம் என்றால் கூடவே ஒரு சிங்களப் பிரதியை இணைப்பது புத்திசாலித்தனம், கொள்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தகவல் அறியும் விண்ணப்பம்

கடிதத்துக்குப் பதில் வராது என்று வைத்துக்கொண்டே இதையும் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம்.

"பாதை பற்றிய எல்லா விபரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. சபையிடம் பாதைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் பிரதி, மூடுவது பற்றிய சபைத் தீர்மானத்தின் பிரதி, திருத்த வேலைக்குச் செலவழித்த வவுச்சர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிரதேச செயலகத்திடம் அந்தக் கல் பலகையில் இருக்கும் திட்டத்தின் பைல். கம்பனியிடம் நேராகப் போய் முட்டுவதைவிட பெருந்தோட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சிடம் குத்தகை ஒப்பந்தத்தின் சம்பந்தப்பட்ட பகுதிகளைக் கேட்பது சுலபம். "அப்படி ஒரு தீர்மானம் எங்களிடம் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள், உங்களுக்கு வேண்டியதே அந்த வரிதான்.

சபையும் கூட்டங்களும்

2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மறுபடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் மட்டும் போகாமல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடமும் போங்கள். ஒருவர் பிரேரணை கொண்டுவர, மற்றவர் வழிமொழிந்தால் கட்சிச் சண்டையாகாது. பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் பாராளுமன்ற உறுப்பினர்களும் திணைக்கள அதிகாரிகளும் ஒரே மேசையில் இருப்பார்கள், அங்கே விஷயத்தை எடுக்க வைத்தால், கூட்ட அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று பிறகு கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் "உடனே பார்க்கச் சொல்கிறேன்" என்று சொன்னது அறிக்கையில் இல்லையென்றால் அது சொல்லப்படவே இல்லை.

வீதிக்கு இறங்குவது என்றால்

ஊர்வலம் போவதாக இருந்தால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் பொலிசுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிரதான வீதியை மறிக்காதீர்கள். ஒரு பாதையைத் திறக்கச் சொல்லி இன்னொரு பாதையை மூடினால், பஸ்ஸில் மாட்டிக்கொண்ட சனம் உங்களைத்தான் திட்டும், வழக்கும் உங்கள் மேல்தான் விழும். கேட்டை உடைப்பதும் செயினை அறுப்பதும் அப்படியே, மறுநாள் நீங்கள் குற்றவாளி, அவர்கள் முறைப்பாட்டாளர். மூடிய கேட்டுக்கு முன்னால் ஸ்கூல் பிள்ளைகளின் பெற்றோர் காலையில் வரிசையாக நிற்கும் ஒரு போட்டோ பத்திரிகைக்குப் போதும். பிள்ளைகளைப் பதாகை பிடிக்க வைக்காதீர்கள்.

பொலிசும் நீதிமன்றமும்

பூட்டுப் போட்ட அன்றே பொலிசில் முறைப்பாடு பதியுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். "இது சிவில் பிரச்சினை" என்று அனுப்பப் பார்ப்பார்கள். பொது மக்கள் பாவிக்கும் வழியைச் சட்டவிரோதமாக மறித்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் அகற்றச் சொல்லி உத்தரவிட முடியும். சமாதானம் குலையும் நிலை இருந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிசோ நீங்களோ விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். இது தற்காலிக உத்தரவுதான், உரிமையைக் கடைசியாகத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம். ஆனால் பிள்ளைகள் நாளைக்கு ஸ்கூல் போக வேண்டுமென்றால் தற்காலிக உத்தரவே பெரிய விஷயம். தாமதிக்காமல் போக வேண்டும்.

பத்து வருடம் பாவித்தால் பாதை நமக்குச் சொந்தம் என்று ஊரில் சொல்வது தனியார் காணிக்குப் பொருந்தும் வாதம், அதுவும் நிரூபித்தால்தான். அரச காணிக்கு எதிராக அது நிற்காது. அங்கே உங்கள் வாதம் வேறு: இது பொதுப் பாதை, அரச காசில் திருத்தியது, வேறு வழியில்லை, கருத்துக் கேட்காமல் மூடினார்கள். மூடியது அரச நிறுவனம் அல்லது சபை என்றால் எழுத்தாணை (ரிட்) மனு, அடிப்படை உரிமை மனு ஆகிய வழிகள் உண்டு. அடிப்படை உரிமை மனுவுக்குக் காலக்கெடு ஒரு மாதம்தான், அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்தக் கெடு நன்றாகவே தெரியும். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் பக்கத்து நிலையத்துக்குப் போங்கள். பைலை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போனால் அவர்களுக்கும் வேலை பாதியாகும்.

விட்டுக்கொடுப்புக்கு வந்தால்

பெரும்பாலான சண்டைகள் தீர்ப்பில் முடிவதில்லை, பிரதேச செயலாளரின் அறையில் ஒரு உடன்பாட்டில்தான் முடியும். "கேட் இருக்கட்டும், உங்களுக்குத் திறந்துவிடுகிறோம்" என்பார்கள். கேட் இருந்தால் சாவி யாரிடம், இரவில் யார் திறப்பது, விருந்தாளியின் வாகனத்துக்கும் மரண வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அனுமதி கேட்க வேண்டுமா, துரை மாறினால் என்ன என்று எல்லாவற்றையும் எழுத வையுங்கள். தனி மனிதரின் பெயரைப் போடாமல் பதவியைப் போடுங்கள். பிரதேச செயலாளர் சாட்சியாகக் கையெழுத்திடட்டும்.

அதோடு பைலைக் கட்டி வைத்துவிடாதீர்கள். அந்தப் பாதையைப் பிரதேச சபை பொறுப்பேற்று வர்த்தமானியில் அறிவித்துப் பதிவேட்டில் ஏற்றும்படி மறுவாரமே விண்ணப்பம் கொடுங்கள், தோட்டத்தின் சம்மதக் கடிதத்தை உடன்பாட்டோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். மூலப் பத்திரங்களைக் குழுத் தலைவரின் வீட்டில் மட்டும் வைக்காமல், ஒரு முழுப் பிரதியை வேறு டிவிசனில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.